கிலோவுக்கு ஒரு மில்லிமீற்றர்

மனைவிக்குப் பொய் சொல்லக்கூடாது என்பது என் கொள்கை. இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. தேவை வந்தால் மெஷினைக் கொண்டு சொல்விப்பேன். அவ்வளவுதான்.

என் பெயர் இரத்தினவேல். வயது ஐம்பத்தாறு. ரொறன்ரோவில் மாடிக் கட்டடங்களின் லிஃப்டுகளைத் திருத்துவது தொழில். நான் கைவைத்த லிஃப்ட் நடுவழியில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. நின்றிருந்தாலும் நான் உள்ளே இருந்ததில்லை.

எங்கள் வீடு ரூஜ் என்ற பகுதியில். இரண்டு கார் விடக்கூடிய கராஜ். அதற்குள் ஒரு காரும் இல்லை. மாசி மாதத்திலும் கார்கள் வெளியே பனியில் நிற்கும். உள்ளே ஹீற்றர் போட்டு, கம்பளம் விரித்து, என் கே.ரி.எம். மோட்டார் சைக்கிள் நிற்கும். ஒஸ்திரியாவில் செய்தது. ஒரேஞ்ச் நிறம். காட்டுப் பாதையில் கல்லும் சேறும் ஏறி ஓடுவதற்கென்றே பிறந்தது.

அதன் பின்சில்லைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லவேண்டும். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். மற்ற மோட்டார் சைக்கிள்களில் பின்சில்லுக்கும் அதிர்ச்சி தாங்கும் ஷொக்குக்கும் நடுவில் லிங்கேஜ் என்று ஒரு மூட்டுக் கூட்டம் இருக்கும். சில்லு அடிவாங்கினால் முதலில் அது லிங்கேஜிடம் முறையிடும். லிங்கேஜ் போய் ஷொக்கிடம் சொல்லும். நடுவில் ஒரு கலியாணப் புரோக்கர் மாதிரி. என்னுடையதில் புரோக்கர் இல்லை. ஷொக் நேரே சில்லைத் தாங்கும் பின்கையில் பூட்டியிருக்கிறது. சில்லும் ஷொக்கும் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்ளும்.

இதை ஒத்துக்கொள்ளாத மனிதன் ஒருவன் எங்கள் தெருவிலேயே இருக்கிறான். இரண்டு வீடு தள்ளி. சிவபாதம். அவனிடம் இருப்பது வெள்ளை ஹுஸ்க்வார்னா. லிங்கேஜ் உள்ளது. எட்டு வருடமாக அவனும் நானும் என் வீட்டு வாசலில் நின்று இதைப் பற்றித்தான் கதைக்கிறோம்.

"மச்சான், உன்ரை கொம்பனியே மோட்டோகிராஸ் வண்டிக்கு லிங்கேஜ்தானே போடுறாங்கள். ஏனாம்?"

"அது மைதானத்திலை பாயிறதுக்கு. காடு எண்டால் கல்லு, மரக்குத்தி. உன்ரை லிங்கேஜ் கீழை தொங்கிக்கொண்டு வழியிலை காணுற கல்லெல்லாத்துக்கும் வணக்கம் சொல்லும்."

"சொல்லட்டும். மெத்தையிலை இருந்து போறமாதிரி இருக்கும். உன்ரையிலை போனால் கல்லு என்ன நிறம் எண்டு பின்பக்கத்துக்குத் தெரியும்."

"மெத்தை வேணுமெண்டால் வீட்டிலை படு. கிரீஸ் அடிச்சே உன்ரை ஞாயிற்றுக்கிழமை முடியுது. அந்த மூட்டுக்குள்ளை எத்தினை பெயரிங்!"

"கிரீஸ் அடிக்கிறவன் பொறுப்பானவன், மச்சான்."

ஒருநாள் இந்த இடத்தில் என் மனைவி மங்கையற்கரசி பேஸ்மென்ரில் இருந்து மேலே வந்தாள். கழுத்தில் அளவு நாடா. வாயில் இரண்டு குண்டூசி. ஊசிகளை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ரெண்டையும் செய்யிறது ஒரே கொம்பனிதானே?"

"ஆர் சொன்னது?" என்றேன்.

"எங்கடை மகள் தனுஷிகாதான் போனிலை பாத்துச் சொன்னவள். ஒரு தாய்க்கு ரெண்டு பிள்ளையள். ஒண்டுக்கு ஒரேஞ்ச் சட்டை, மற்றதுக்கு வெள்ளைச் சட்டை. சட்டையைப் பாத்து நீங்கள் ரெண்டு பேரும் எட்டு வருசமா அடிபடுறியள்."

"உமக்கு உது விளங்காது," என்று சிவபாதமும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மங்கை சாறி பிளவுஸ் தைக்கிறவள். வோபர்னில் இருந்து மார்க்கம் வரை அவளிடம்தான் வருவார்கள். வருகிற பெண்கள் எல்லோரும் ஒரே கதைதான் சொல்வார்கள். "அக்கா, நான் இப்ப மெலிஞ்சிட்டன். போன அளவிலை ரெண்டு இஞ்சி குறையுங்கோ." மங்கை "ஓம், பாக்கவே தெரியுது" என்பாள். பிறகு பழைய அளவிலேயே வெட்டி, தையலுக்குள் இன்னும் இரண்டு இஞ்சி துணியும் விட்டுவைப்பாள். ஒருத்தியும் பிளவுஸ் கொள்ளவில்லை என்று திரும்பி வந்ததில்லை.

இவ்வளவு கெட்டிக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். என் துணிச்சலை நீங்கள் மெச்சவேண்டும்.

எங்கள் கூட்டத்துக்கு ஸ்காபுறோ தமிழ்க் காட்டோட்டக் கழகம் என்று பெயர். பதினொரு பேர். ஒரேஞ்ச் ஐந்து, வெள்ளை ஐந்து, சிவப்பு இத்தாலி வண்டி ஒன்று. சித்திரையில் முதல் ஓட்டம், லேபர் டே ஞாயிறு பெரிய ஓட்டம். இரண்டுக்கும் கனரஸ்காக் காட்டுக்குத்தான் போவோம். ஓட முன்னம் ஒரு சடங்கு இருக்கிறது. பதிவு பார்ப்பது. ஆள் ஏறாமல் பின்சில்லை நிலத்துக்கு மேலே தூக்கிவைத்து, அச்சில் இருந்து மேலே சேறு தடுக்கும் மட்காட் வரை அளப்போம். பிறகு இறக்கி, ஆள் முழு உடுப்போடு ஏறியிருந்ததும் திரும்ப அளப்போம். எவ்வளவு பதிந்தது என்பதுதான் பதிவு. ஸ்பிரிங் ஆளின் நிறைக்குப் பொருத்தமாக இருந்தால் என் வண்டியில் அது நூற்றிப்பத்து மில்லிமீற்றர். ஆள் ஒரு கிலோ கூடினால் ஒரு மில்லிமீற்றர் கூடப் பதியும். இது எங்கள் கழகத்தின் கணக்கு.

பதிவு பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். ஏறியிருக்கிறவன் தானே குனிந்து அளக்கமுடியாது. ஒரேஞ்ச்காரனை வெள்ளைக்காரன் அளந்தால் ஒரேஞ்ச்காரன் நம்பமாட்டான். மாறி அளந்தாலும் அதுதான். ஒருமுறை நாடாவைப் பிடித்து இழுத்து இரண்டாக்கியும் விட்டோம். அன்று முதல் இரண்டு முகாமுக்கும் பொதுவாக மங்கைதான் அளக்கிறாள். அவள் நாடா சொன்னால் மறுபேச்சு இல்லை.

சித்திரையில் எனக்கு அளந்தாள். என் நிறை தொண்ணூற்றி நாலு. ஸ்பிரிங் தொண்ணூற்றி நாலுக்கென்றே போட்டது. பதிவு நூற்றிப்பத்து. மயிரிழை பிசகில்லை. நான் சுற்றிவர எல்லோரையும் ஒருமுறை பார்த்தேன். சிவபாதம் வேறு பக்கம் பார்த்தான்.

ஆடி மாதம் பிறக்க வினை வந்தது. டொக்டர் என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். மங்கையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. சீனி எல்லைக்கு வந்துவிட்டதாம். ஒன்பது கிலோவாவது குறைக்கவேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து செருப்புக் கழற்ற முன்னமே தீர்ப்பு வந்தது.

"லேபர் டேக்கு முதல் சனிக்கிழமை, எண்பத்தைஞ்சு."

"எண்பத்தைஞ்சு என்ன?"

"கிலோ. இல்லாட்டி ஒரேஞ்ச் போகும்."

"எங்கை போகும்?"

"கீதனுக்கு வேணுமாம்."

கீதன் சிவபாதத்தின் மைத்துனன். வெள்ளை முகாம். என் கே.ரி.எம்மை வாங்கி அவன் என்னென்ன செய்வான் என்று நினைத்துப் பார்த்தேன்.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நிறை பாப்பம். நானே வாசிப்பன்," என்றாள் மங்கை.

"ஒன்பது கிழமை, ஒன்பது கிலோ. எனக்கு உது ஒரு விளையாட்டு," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அன்று மத்தியானம் மட்டன் ரோல்ஸ் கடையைத் தாண்டும்வரை நினைத்தேன்.

லிஃப்டில் பாரம் கூடினால் மணி அடிக்கும். அந்த மணி அடிக்காமல் கள்ளவேலை செய்துவைத்த ஒரு கட்டடத்தைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு ஒருமுறை பாராட்டுக் கடிதமே வந்தது. கள்ளனைப் பிடித்தவனுக்குக் களவும் தெரியும். எங்கள் குளியலறைத் தராசுக்கு நாலு கால். பாரம் நாலு காலாலும் போனால்தான் தராசுக்கு உண்மை தெரியும். அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு ரப்பர் துண்டை வைத்தால் பாரத்தில் ஒரு பங்கை அந்த ரப்பர் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

வேலைத்தலத்தில் இருந்து கொஞ்ச ரப்பர் கொண்டுவந்தேன். முதல் துண்டை வைத்து ஏறிப் பார்த்தேன். நாற்பத்தொன்று காட்டியது. எட்டாம் வகுப்பில் எனக்கு இருந்த நிறை. சீவினேன். எழுபது. இன்னும் சீவினேன். ஒரு மணித்தியாலம் சீவி, சரியாகத் தொண்ணூற்றி மூன்றில் நிறுத்தினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதைவிட நுணுக்கமான வேலையை நான் லிஃப்டில்கூடச் செய்ததில்லை.

சனிக்கிழமை காலை. மங்கை குனிந்து வாசித்தாள்.

"தொண்ணூற்றி மூண்டு. அட!"

"மனக்கட்டுப்பாடு," என்றேன்.

"ஓம், பாக்கவே தெரியுது," என்றாள்.

அந்த வார்த்தைகளை நான் வேறு எங்கோ கேட்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரப்பருக்குக் கீழே ஒரு மெல்லிய துண்டு சேர்த்தேன். தொண்ணூற்றி இரண்டு. தொண்ணூற்றி ஒன்று. மங்கை போன் எடுத்து ஊர் முழுக்கச் சொன்னாள். சிவபாதத்தின் மனைவி நிரூபா வீட்டுக்கே வந்து இரகசியம் கேட்டாள். நான் கழக வட்ஸ்அப் குழுவில் மன உறுதி பற்றி ஏழு நிமிடம் பேசி அனுப்பினேன். எனக்கே கேட்கக் கேட்க உற்சாகமாக இருந்தது. மூன்றுமுறை கேட்டேன்.

மகள் தனுஷிகா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, நோ ஒஃபென்ஸ், பட் யூ லுக் எக்ஸாக்ட்லி த சேம்."

"அது உள்ளுக்குள்ளை குறையுது, பிள்ளை."

நாலாம் கிழமை தொண்ணூறு வந்தது. மங்கை கையை நீட்டினாள்.

"கால்சட்டையளைத் தாருங்கோ."

"ஏன்?"

"நாலு கிலோ குறைஞ்ச மனிசன் தொளதொளத்த கால்சட்டையோடை திரிஞ்சால் ஆருக்கு வெக்கம்? தையல்காரியின்ரை புருசன் எண்டு ஆக்கள் என்னைத்தான் சொல்லுவினம்."

"எனக்கு உப்பிடியே வசதியா இருக்குது மங்கை."

"இராது. நாலு கிலோ எண்டால் ஒரு இஞ்சி. எனக்குத் தெரியாதே?"

கொடுத்தேன். ஒரு இஞ்சி பிடித்துத் தைத்தாள். இரண்டு கிழமை கழித்து இன்னொன்று. காட்டோட்டக் கால்சட்டையையும் விடவில்லை. நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வெளியே விட்டது இரவு சாரம் கட்டியபிறகுதான்.

சாப்பாட்டிலும் அதே கதை.

"என்னப்பா, ஒரு அகப்பைப் புட்டுத்தானா?"

"எண்பத்தெட்டுக் கிலோ ஆளுக்கு இது காணும். தொண்ணூற்றி நாலுக்குத்தான் மூண்டு அகப்பை."

பாருங்கள், நான் சொன்னதை அவள் ஒரு எழுத்துக்கூட மறுக்கவில்லை. எல்லாவற்றையும் நம்பினாள். நம்பியே என்னைக் கொன்றாள். வீட்டில் பட்டினி கிடந்த பசியை வேலைத்தலத்தில் தீர்க்கவேண்டி வந்தது. முதலில் மத்தியானம் இரண்டு ரோல்ஸ். பிறகு நாலு. ஆவணி நடுவில் கடைக்காரர் என்னைக் கண்டதும் எண்ணாமலே பெட்டியோடு எடுத்துத் தந்தார்.

ஒன்பதாவது சனிக்கிழமை. தராசு எண்பத்தைந்து காட்டியது. கீழே ரப்பர் ஒரு சிறு தோசைக் கல் அளவுக்கு வளர்ந்திருந்தது. மங்கை என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வெண்டிட்டியள். ஒரேஞ்ச் உங்களுக்குத்தான்."

எனக்குக் கண் கலங்கியது. கால்சட்டை இறுக்கியதால் அல்ல. வெற்றியால்.

"உங்களுக்கு ஒரு பரிசும் இருக்கு," என்றாள். "வாங்கோ கராஜுக்கு."

இரண்டு நாளாக கே.ரி.எம். சிவபாதத்தின் கராஜில் நின்றது. ஷொக்கின் எண்ணெய் மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்று மங்கை சொல்லியிருந்தாள். ஸ்பிரிங் கழற்றும் கருவி எங்கள் கழகத்தில் அவனிடம் மட்டும்தான் இருக்கிறது. எதிரி முகாமில் என் குதிரை இரண்டு நாள் நின்றதே என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு. இப்போது அது எங்கள் கராஜில் திரும்ப நின்றது. பக்கத்தில் சிவபாதம். பின்னால் ஷொக்கில் ஸ்பிரிங் கண்ணைப் பறிக்கிற மாதிரிப் பளபளத்தது.

"ஸ்பிரிங் மாத்தியிருக்கு," என்றாள் மங்கை. "தொண்ணூற்றி நாலுக்குப் போட்டது இப்ப உங்களுக்கு இறுக்கமெல்லே? இது எண்பத்தைஞ்சுக்கு."

வேண்டாம் என்று சொல்லமுடியுமா? ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது?

"ஏறிப் பார், மச்சான்," என்றான் சிவபாதம்.

ஏறினேன். இரண்டுமுறை ஆட்டிப் பார்த்தேன். கண்ணை மூடினேன். ஷொக்கைப் பற்றித் தெரிந்தவன் கண்ணை மூடித்தான் பார்க்கவேண்டும்.

"ஆகா!" என்றேன். "வித்தியாசம் தெரியுது. பழையதிலை ஒரு முரட்டுத்தனம் இருந்தது. இது பதமாப் பதியுது. புரோக்கர் இல்லாதபடியால் உந்தச் சின்ன வித்தியாசமும் எனக்கு அப்பிடியே வருகுது. உன்ரையிலை எண்டால் லிங்கேஜ் நடுவிலை நிண்டு மறைச்சிருக்கும்."

"அப்பிடியோ?" என்றான் சிவபாதம்.

"பத்து வீதம் மெதுமை கூட. சிலவேளை பதினொண்டு."

மங்கை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். சிவபாதம் ஏதோ தவறி விழுந்ததைத் தேடுகிறவன்போல நிலத்தைப் பார்த்தான்.

அடுத்த நாள் லேபர் டே ஞாயிறு. கனரஸ்காக் காடு. பதினொரு வண்டி. பத்துக் குடும்பம். வான் கதவுகளைத் திறந்து வைத்து நிரூபா கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்தாள். என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. ஷொக்கின் மேலே ஸ்பிரிங்கை இறுக்கும் வளையம் ஒன்று உண்டு. அதை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் பதிவு குறையும். மங்கை அளக்க வருமுன்னம் வானுக்குப் பின்னால் குந்தியிருந்து சுற்றினால் போதும். கருவி சட்டைப்பைக்குள் இருந்தது.

குந்தப் பார்த்தேன். முடியவில்லை. கால்சட்டை விடவில்லை. பலம் கொண்டமட்டும் குந்தினேன். மற்றவர்கள் தைத்த கால்சட்டை என்றால் பின்னால் பிரிந்திருக்கும், நானும் தப்பியிருப்பேன். மங்கையின் தையல் பிரியாது. பாதி குந்தியபடி, வானைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அங்கை என்ன செய்யிறியள்?" மங்கையின் குரல் கேட்டது. "வாங்கோ, முதல் ஆள் நீங்கள்தான். சாதனை செய்தவர்!"

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டுகிற இடத்துக்கு நான் போகாமல் இருந்ததில்லை.

பின்சில்லைத் தூக்கிவைத்து அளந்தாள். இறக்கினார்கள். நான் ஏறினேன். கே.ரி.எம். ஒரு பெருமூச்சு விட்டுப் பதிந்தது. மங்கை குனிந்தாள். நாடாவை அச்சில் வைத்தாள். நிமிர்ந்தாள். திரும்பக் குனிந்து அளந்தாள்.

"நூற்றிப்பத்தொன்பது."

வெள்ளை முகாமில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஒரேஞ்ச் முகாமில் நாலு பேரும் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

"நூற்றிப்பத்தெல்லோ வரவேணும்?" என்றான் சிவபாதம். "எண்பத்தைஞ்சு கிலோ ஆள். எண்பத்தைஞ்சு கிலோ ஸ்பிரிங். ஆள் சரி, ஸ்பிரிங் சரி. அப்ப பிழை எங்கை?"

"வேறை என்ன," என்றாள் மங்கை. "லிங்கேஜ் இல்லாததுதான் பிழைபோலை. நீங்கள் எட்டு வருசமாச் சொன்னது சரிதான் அண்ணை. அவர் பாவம், பட்டினி கிடந்து மெலிஞ்சவர். இனி இதை வித்துப்போட்டு வெள்ளையிலை ஒண்டு பாப்பம்."

"வெள்ளையோ?" என்றேன்.

"ஓம். லிங்கேஜோடை."

எனக்கு முன்னால் இரண்டு வழி. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் நிறை தப்பும், கே.ரி.எம்மின் மானம் போகும். வாயைத் திறந்தால் கே.ரி.எம்மின் மானம் தப்பும், என்னுடையது போகும். என்னைப் பார்த்துத் தொந்தியன் என்று சொல்லுங்கள், நான் தாங்குவேன். களவாய்த் தின்றவன் என்று சொல்லுங்கள், அதையும் தாங்குவேன். ஒரு பிழையும் செய்யாத ஷொக்கின்மேல் பழி போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதற்காகவா எட்டு வருடம் வாசலில் நின்று வாதாடினேன்?

வண்டியில் இருந்தபடியே கையை உயர்த்தினேன்.

"நிப்பாட்டுங்கோ! கே.ரி.எம்மிலை பிழை இல்லை. ஷொக்கிலை பிழை இல்லை. பிழை என்னிலை! நான் எண்பத்தைஞ்சு இல்லை. தொண்ணூற்றி நாலு! ஒரு கிலோவும் குறையேல்லை! தராசுக்குக் கீழை ரப்பர் வைச்சனான்!"

ஒரேஞ்ச் முகாம் ஒரு கணம் திகைத்தது. பிறகு ஆரவாரித்தது. ஒருவர் என் முதுகில் தட்டினார். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு கொள்கைக்காகத் தன் இடுப்பளவைப் பகிரங்கப்படுத்திய மனிதன் இந்தக் கழகத்தில் வேறு யார்? எண்பத்தைந்துக்குப் போட்ட ஸ்பிரிங்கில் தொண்ணூற்றி நாலு ஏறினால் ஒன்பது கூடத்தான் பதியும். நூற்றிப்பத்தொன்பது. ஒரு மில்லிமீற்றர் பிசகில்லை. லிங்கேஜ் இல்லாத ஷொக்கின் நேர்மையை உலகத்துக்கே நிரூபித்துவிட்டேன்.

"ரப்பரை நான் முதல் சனிக்கிழமையே கண்டனான்," என்றாள் மங்கை. "கிழமைக்குக் கிழமை எடுத்துத் தூசி தட்டித் திருப்பி வைச்சனான். நீங்களா வாயைத் திறப்பியள் எண்டு பாத்தன்."

"அதுதான் இப்ப திறந்திட்டனே," என்றேன் பெருமிதத்தோடு. "எண்பத்தைஞ்சு ஸ்பிரிங், தொண்ணூற்றி நாலு ஆள், நூற்றிப்பத்தொன்பது. கணக்கு எப்பிடி?"

"கணக்குச் சரி," என்றாள் மங்கை. நாடாவைச் சுருட்டினாள். "ஆனால் ஸ்பிரிங்கை நான் மாத்தேல்லை."

"என்ன?"

"உது பழைய ஸ்பிரிங்தான். டிஷ் சோப் போட்டுக் கழுவினனான்."

நான் சிவபாதத்தைப் பார்த்தேன்.

"நான்தான் கழட்டிக் குடுத்துத் திருப்பிப் பூட்டினனான், மச்சான்," என்றான் அவன். "தொண்ணூற்றி நாலுக்கு நீ போட்ட அதே ஸ்பிரிங். பதினொரு வீதம் மெதுமை எண்டாய். எனக்குச் சிரிப்பை அடக்கி நெஞ்சு நொந்துபோச்சு."

பத்துக் குடும்பமும் விரல் மடக்கத் தொடங்கியது. தொண்ணூற்றி நாலுக்கு நூற்றிப்பத்து. நூற்றிப்பத்தொன்பதுக்கு? முதலில் கணக்கை முடித்தது நிரூபா. கட்டுச்சோற்றுப் பார்சல் ஒன்றைக் கையில் எடுத்தவள் அதைத் திரும்ப வைத்தாள்.

"அண்ணை, அப்ப நீங்கள் இப்ப நூற்றி மூண்டெல்லே?"

ஒன்பது குறைத்தேன் என்று சொல்லித் திரிந்த ஒன்பது கிழமையில் நான் ஒன்பது கூட்டியிருந்தேன். அதை மறுக்கவும் வழியில்லை. பிழை ஷொக்கில் இல்லை என்று சத்தியம் செய்தவனே நான்தான்.

அன்று எல்லோரும் ஓடினார்கள். நான் வானுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். கால்சட்டை காரணமாக அதுவும் சரிவர முடியவில்லை. மங்கை வந்து பக்கத்தில் இருந்தாள். ஒரு கிண்ணத்தில் வெள்ளரிக்காய் வெட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"கீதனுக்குக் குடுக்கப்போறீரா?" என்று கேட்டேன்.

"இல்லை. விக்கிறேல்லை."

"ஏன்?"

"எங்கடை வீட்டிலை பொய் சொல்லாத சாமான் உது ஒண்டுதான்."

குளியலறைத் தராசை அடுத்த நாளே குப்பைக்குப் போட்டுவிட்டாள். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஏழு மணிக்கு நான் கராஜுக்குள் போய் கே.ரி.எம்மில் ஏறி இருக்கிறேன். மங்கை குனிந்து அளக்கிறாள். நாடா நூற்றி ஒரு மில்லிமீற்றர் காட்டினால் நான் எண்பத்தைந்து கிலோ. அன்று காட்டுக்குப் போகலாம். போன கிழமை நூற்றிப்பதினாறு. நூற்றி ஒன்று வரும்வரை வண்டியைக் கராஜுக்கு வெளியே உருட்டவும் அனுமதி இல்லை.

அதனால் என்ன? ஒஸ்திரியாவில் செய்து, ஆறு கியர் பூட்டி, நடுவில் லிங்கேஜ் இல்லாமல் வருகிற தராசு ரொறன்ரோவில் என் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. சிவபாதத்திடம் இருப்பது வெறும் மோட்டார் சைக்கிள்.